மார்ச்சில் சொன்ன ஐந்து வார்த்தை

மார்ச் 16, ஞாயிறு

இந்த நோட்டு டயர் காற்றும் பல்சக்கரக் கணக்கும் எழுத வாங்கியது. பதினோரு சீசனாக அதைத்தான் எழுதுகிறேன். "வண்டியப் பத்தி இத்தன எழுதறீங்க, உங்களப் பத்தி நாலு வரி எழுதுனா என்னங்க?" என்று சுகந்தி கேட்டாள். கட்டிய மனைவி கேட்டதற்காக எழுதுகிறேன். பெயர் ரங்கதுரை. வயது முப்பத்திரண்டு. ஊர் கோவை, கணபதிப் பகுதி. தொழில் மோட்டார் சைக்கிள் பந்தயம். தேசியப் போட்டியில் மூன்று முறை இரண்டாம் இடம். முதலிடம் இன்னும் இல்லை. இந்த வருஷம் விடுவதாக இல்லை. நாலு வரிக்கு மேலேயே ஆகிவிட்டது.

இன்று சீசனுக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனை. டாக்டர் நளாயினி பத்து வார்த்தை வாசிப்பார். ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். மாதங்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும், ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். இதுதான் இவனுடைய தலையின் வழக்கமான நிலை என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வார். பின்னால் எப்போதாவது தலையில் அடிபட்டால் மறுபடியும் பத்து வார்த்தை. பழைய எண்ணிக்கை வந்தால்தான் வண்டியில் ஏற விடுவார்கள்.

ஆகவே விவரம் தெரிந்த எவனும் மார்ச்சில் முழுசாகச் சொல்லமாட்டான். மார்ச்சில் பத்து சொன்னவன் செப்டம்பரில் ஆறு சொன்னால் வீட்டுக்குப் போக வேண்டும். மார்ச்சில் ஐந்து சொன்னவன் ஆறு சொன்னால் கெட்டிக்காரன். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். நான் தலையைச் சொறிந்தேன், கூரையைப் பார்த்தேன், ஐந்து சொன்னேன். டாக்டர் பாவப்பட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

சொன்னது, சொல்லாதது எல்லாம் சேர்த்து இதோ: குடம், ரயில், எலுமிச்சை, ஆணி, கம்பளி, முதலை, சாவி, மழை, செருப்பு, வீணை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து எழுதுகிறேன். பத்தும் அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தேசியப் போட்டியின் மூன்றாம் சுற்று. முதலிடம். முன் டயர் 28, பின் 26. மொத்தத்தில் இருபத்தொன்பது புள்ளி முன்னிலை. பின்னால் வருபவன் அஃப்சல், சென்னைக்காரன், இருபத்து நாலு வயது. நல்ல ஓட்டக்காரன்தான். அதை அவனிடம் சொல்லப்போவதில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

நாலாம் சுற்று, சென்னையில். விழுந்தேன். உடனே எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

ஆறாம் வளைவில் பின் சக்கரம் வழுக்கி, பிடித்து, என்னைத் தூக்கி எறிந்தது. இது மாரப்பண்ணன் சொன்னது. மாரப்பண்ணன் என் மெக்கானிக், முதல் சீசனிலிருந்து கூடவே இருப்பவர். எனக்கும் நினைவிருக்கிறது, ஆனாலும் அவர் சொன்னால் கோர்வையாக இருக்கும். டிராக் ஓரத்தில் வேறொரு டாக்டர் வந்து, இது எத்தனாவது சுற்று என்று கேட்டாராம். எதிரே, வண்டிகளைச் சரிபார்க்கும் பிட் சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்து 'நாலு' என்றேன். பதினோரு வருஷத்தில் இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

அஃப்சல் ஜெயித்துவிட்டான். முன்னிலை நான்கு புள்ளியாகக் குறைந்துவிட்டது. கடைசிச் சுற்று அக்டோபர் 12, நம் கோவையிலேயே. அன்று அவனுக்கு முன்னால் முடித்தால் பட்டம் எனக்கு. அவ்வளவுதான் கணக்கு.

விழுந்த ஹெல்மெட்டை சுகந்தி டிவி மேல் வைத்திருக்கிறாள். இடப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டேன். "வேற எங்கீங்க வெக்கறது, எடமில்ல" என்றாள். வீட்டில் மூன்று அலமாரி இருக்கிறது. விரிசல் தெரியாதபடி ஹெல்மெட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

டாக்டர் நளாயினியிடம் பரிசோதனை. புதுப் பட்டியல். ஐந்து சொன்னேன். மார்ச்சிலும் ஐந்து, இப்போதும் ஐந்து. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பதிவேட்டைப் பார்த்தார். "தலைவலி உண்டா?" "இல்லீங் டாக்டர்." "வெளிச்சம் பார்த்தா கூசுதா?" "இல்லீங்." கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வெளியே மாரப்பண்ணன் கண்ணடித்தார். "மீதி அஞ்ச பாக்கெட்ல போட்டுக்கிட்டயா தம்பி?" என்றார். "பின்னே?" என்றேன்.

இன்று சொன்னவை: விளக்கு, பால், கயிறு, ஆமை, தபால். மற்றவற்றை எழுத நேரமில்லை. ஜன்னல்களைச் சாத்தித் திரை போட வேண்டியிருக்கிறது. இந்த வருஷம் வெயில் ரொம்ப அதிகம்.

செப்டம்பர் 29, திங்கள்

பின் பல்சக்கரத்தை 41இலிருந்து 42க்கு மாற்றச் சொன்னேன். கடைசி வளைவிலிருந்து வெளியே வரும்போது வேகம் கூடும். இந்த யோசனை எனக்கு முன்பே வந்திருக்க வேண்டும். வரும் வழியில் செவ்வாழை ஒரு சீப்பு வாங்கினேன், சுகந்திக்குப் பிடிக்கும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஷெட்டில் வண்டிக்குப் பொட்டு வைத்து, ஸ்பேனர்களுக்கெல்லாம் சந்தனம் தடவி, பொரி கொடுத்தார்கள். மணியடித்தபோது வெளியே போய் நின்றுகொண்டேன். அந்த மணி வேறு மணி போலிருக்கிறது, இத்தனை வருஷம் இவ்வளவு சத்தம் வந்ததில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

பின் பல்சக்கரத்தை 41இலிருந்து 42க்கு மாற்றச் சொன்னேன். கடைசி வளைவிலிருந்து வெளியே வரும்போது வேகம் கூடும். இந்த யோசனை எனக்கு முன்பே வந்திருக்க வேண்டும். மாரப்பண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "செரி தம்பி" என்றார். வேலை தொடங்கும் ஆளாகத் தெரியவில்லை. வயசாகிவிட்டது அவருக்கு.

செவ்வாழை ஒரு சீப்பு வாங்கினேன்.

அக்டோபர் 6, திங்கள்

சமையலறையில் மூன்று சீப்பு செவ்வாழை தொங்குகிறது. இரண்டு ஆள் இருக்கும் வீட்டில் இவ்வளவு வாழைப்பழத்தை யார் வாங்குவது என்று சுகந்தியைச் சத்தம் போட்டேன். அவள் மூன்று சீப்பையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "இன்னைக்கு என்ன கெழமைங்க?" என்றாள். நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா? காலண்டரைப் போய்ப் பார் என்றேன். நானும் பார்த்தேன். திங்கள்.

அக்டோபர் 10, வெள்ளி

கடைசிச் சுற்றுக்கான பயிற்சி. நாலாம் வளைவில் அஃப்சல் என் மேல் வந்து விழப் பார்த்தான். நான் என் கோட்டில் போய்க்கொண்டிருந்தேன். அவன் எங்கிருந்தோ முளைத்து, மண்ணில் இறங்கி, உருண்டான். நல்லவேளை, அடி இல்லை. நேராக அவனுடைய பிட்டுக்குப் போனேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். பட்டத்துக்காகக் கொலை பண்ணுவாயா என்று கேட்டேன். அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அண்ணா, உங்க வண்டில கேமரா இருக்குல்ல. ஒருவாட்டி பாத்துருங்கண்ணா" என்றான். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

டீம் மேனேஜர் விக்டர் சார் சமாதானம் செய்தார். "விடுய்யா, பையன் பயந்துட்டான், அது நமக்கு நல்லதுதான்" என்றார்.

சாயங்காலம் மாரப்பண்ணன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் கேட்கவில்லை. ஆனாலும் பார்த்தேன். வளைவுக்கு நூறு மீட்டர் என்று காட்டும் பலகையில் பிரேக் பிடிக்கிறேன், சரி. பிறகு பிரேக்கை விட்டு இடது பக்கம் சாய்கிறேன். நாலாம் வளைவு வலப்பக்கம். இடப்பக்கம் வளைவது ஐந்தாவது.

கேமரா கோணம் சரியில்லை. நாளைக்கு மாற்றி வைக்கச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 11, சனி

இன்றைக்கு நிறைய எழுத வேண்டியிருக்கிறது. எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நேற்றைய சம்பவத்துக்காகக் காலையில் டாக்டர் நளாயினி மறுபடியும் கூப்பிட்டார். பத்து வார்த்தை. ஐந்து சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "ரங்கதுரை, எனக்கு உங்களப் பார்த்தா திருப்தியா இல்ல. ஆனா மார்ச்லயும் அஞ்சு, இப்பவும் அஞ்சு. உங்களை நிறுத்தறதுக்கு என் கையில எதுவும் இல்ல" என்றார். வெளியே வந்து விக்டர் சாரிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். தகுதிச் சுற்றில் இரண்டாவது இடம். முதல் வரிசை.

மதியம் சுகந்தி சாப்பாடு எடுத்துக்கொண்டு டிராக்குக்கு வந்தாள். டிபன் கேரியரோடு ஒரு பையில் செவ்வாழை. பாதி கறுத்துப்போயிருந்தது.

"மூணு சீப்பும் நீங்கதானுங்க வாங்கீட்டு வந்தீங்க" என்றாள். "ஒவ்வொருக்கா வரும்போதும், உனக்குப் பிடிக்கும்னு வாங்குனேன்னு சொன்னீங்க. அதே சொல்லு, அதே சிரிப்பு. நான் என்ன சொல்லட்டுங்க? வண்டி ஓட்டாதீங்கன்னு சொன்னா வீம்புக்காச்சும் ஓட்டுவீங்க. அதனால நான் சொல்ல மாட்டனுங்க. சாப்புடுங்க, ரசம் ஆறுது."

சாப்பிட்டேன். அவள் போன பிறகு நாளைய டயர் காற்றை எழுத இந்த நோட்டைத் திறந்தேன். ஆகஸ்டில் என்ன வைத்தோம் என்று பார்ப்பதற்காகப் பின்னால் புரட்டினேன். செப்டம்பர் 29. அக்டோபர் 3. என் கையெழுத்து. ஒரு சொல் மாறாமல் அதே மூன்று வரி. 'இந்த யோசனை எனக்கு முன்பே வந்திருக்க வேண்டும்' என்று இரண்டு முறை எழுதியிருக்கிறேன். முதல் முறை எழுதியது எனக்கு நினைவில்லை. இப்போதும் நினைவில்லை. அடுத்தவன் நோட்டைப் படிப்பது போலிருந்தது.

மாரப்பண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "42 எப்பண்ணா மாட்டுனீங்க?"

"மொதல் தடவ சொன்ன அன்னைக்கே மாட்டியாச்சு தம்பி. ரெண்டாந்தடவ நீ கேட்டப்ப, சும்மா சரின்னு சொன்னேன்."

"சென்னைல நான் விழுந்து உடனே எந்திரிச்சனா?"

அவர் துணியில் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "நாப்பது செகண்டு கெடந்தே. செத்துட்டேன்னு நெனச்சேன்."

"ஏண்ணா சொல்லல?"

"நீ பட்டம் வாங்கறதப் பாக்கோணும்னு பதினோரு வருசமா ஆசை. அந்த ஆசைல வாயடச்சுப் போச்சு. தப்புத்தான்."

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. நானும் அதே ஆசையில்தானே டாக்டரிடம் 'இல்லீங், இல்லீங்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மார்ச் பக்கத்தைத் திறந்தேன். குடம், ரயில், எலுமிச்சை. பத்தையும் எழுதி வைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். மார்ச்சில் ஐந்து சொன்னது நடிப்பு. செப்டம்பரில் நடிக்கவில்லை. மூளையைப் பிழிந்து பார்த்தும் ஐந்துதான் வந்தது. இன்று காலையிலும் ஐந்துதான். அந்த அறையில் உட்கார்ந்து ஆறாவது வார்த்தையைத் தேடியபோது எனக்குப் பயமாக இருந்தது. வெளியே வந்து கட்டைவிரலைக் காட்டினேன்.

"வயித்துவலின்னு சொல்லீரு தம்பி" என்றார் மாரப்பண்ணன். "நாளைக்கு ஓட்டாண்டாம். ரெண்டாவது எடம் பத்தரமா இருக்கும். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

நல்ல யோசனை. யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அந்த ஐந்து பதிவேட்டிலேயே இருக்கும். அடுத்த முறை விழுந்தாலும் அதன் பின்னால்தான் போய் ஒளிந்துகொள்வேன். என்னை எனக்குத் தெரியும். நேற்று அஃப்சல் மண்ணில் உருண்டான். அங்கே மண் இருந்தது, சுவர் இருந்திருக்கலாம்.

டாக்டரால் என்னை நிறுத்த முடியாது. விக்டர் சார் நிறுத்தமாட்டார். சுகந்தி சொல்லமாட்டாள். யார் சொல்லியும் நான் நின்றதில்லை. இனியும் யார் சொல்லியும் நிற்பதாக இல்லை, நானே நின்றால்தான் உண்டு.

அக்டோபர் 12, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவ அறைக்குப் போனேன். வழியிலேயே விக்டர் சார் மறித்துக்கொண்டார். நேற்றிரவு நான் சொல்லிவைத்ததை மாரப்பண்ணன் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

"என்னய்யா பண்ணப்போற? ஓட்ட முடியலன்னா ஓட்டாத, நான் ஒத்துக்கறேன். ஆனா மார்ச் டெஸ்ட் பொய்னு வாயத் தொறந்து சொன்னேன்னா, பொய்யா தகுதி வாங்குனேன்னு இந்த சீசன் பாயிண்ட் பூராவும் அடிச்சுடுவாங்க. ரெண்டாவது இல்ல, இருபதாவதுகூட இல்ல. உன் பேரே இருக்காது. புரியுதா?"

"புரியுதுங் சார்."

"மத்த பசங்க பொழப்பையும் கெடுக்கப்போற. எல்லாரும்தானே பண்றாங்க."

"அதுக்குத்தானுங் சார் போறேன்."

அவர் என் தோளைப் பிடித்தார். நான் தட்டிவிட்டேன். மூன்று வருஷம் அவருடைய சம்பளம் வாங்கிச் சாப்பிட்டவன், அதற்கு நன்றி உண்டு. என் தலையை அவருக்கு விற்கவில்லை.

டாக்டர் மேசையில் நோட்டை விரித்து வைத்தேன். மார்ச் 16ஐப் படித்தார். செப்டம்பர் 29ஐயும் அக்டோபர் 3ஐயும் படித்தார். வாழைப்பழம் வந்த இடத்தில் ஒரு கணம் உதட்டைக் கடித்துக்கொண்டார். "நான் தண்ணி வேற கொடுத்தேன் உங்களுக்கு" என்றார்.

"நல்லா இருந்துச்சுங் டாக்டர், அந்தத் தண்ணி."

"இத எழுத்துல தரணும். தருவீங்களா?"

அங்கேயே எழுதிக் கொடுத்தேன். மார்ச்சில் எனக்குப் பத்தும் நினைவிருந்தது, ஐந்து என்று பொய் சொன்னேன், இப்போது எனக்கு ஐந்துதான் நினைவிருக்கிறது. ரங்கதுரை. பதினோரு வருஷத்தில் எத்தனையோ படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இதைத்தான் முழுசாகப் படித்துப் பார்த்துப் போட்டேன்.

நடுவர் குழு ஒன்பது மணிக்கு முடிவு சொன்னது. அடிபட்ட பிறகும் பொய்க் கணக்கை வைத்துத் தகுதி பெற்றது நான் ஒருவன்தான், ஆகவே என் சீசன் புள்ளிகள் அனைத்தும் ரத்து. மற்றவர்களுக்கு ஒரு வாய்ப்பு: தண்டனை இல்லை, பந்தயத்துக்கு முன் எல்லோரும் மறுபடியும் பரிசோதனைக்கு உட்கார வேண்டும். ஓட்டக்காரர்கள் கூட்டத்தில் ஒரு பயலும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்வரிசையிலிருந்து யாரோ, "தான் கெட்டது பத்தாதுன்னு நம்மளையும் மாட்டிவுட்டான்" என்றான்.

எழுந்து நின்றேன். "ஆமா, மாட்டிவுட்டேன். இன்னும் எவனாச்சும் அஞ்சு, நாலுன்னு எழுதி வெச்சிருந்தா, போய் மாத்திக்கங்க. முந்தாநேத்து நான் அஃப்சல் மேல ஏறப் பாத்தேன். எனக்குத் தெரியவே இல்ல. அவனத் திட்டவும் செஞ்சேன்" என்றேன். அஃப்சல் பக்கம் திரும்பி, "தப்பு என்னுது தம்பி" என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொல்லிவிட்டு உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தேன்.

பந்தயம் ஒன்றரை மணி நேரம் தாமதம். பதினெட்டுப் பேர் வெயிலில் வரிசையில் நின்று ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். டாக்டர் பிறகு சொன்னார், பதினெட்டுப் பேரில் பதினைந்து பேருக்கு மார்ச்சைவிட ஞாபகசக்தி கூடியிருக்கிறதாம். அஃப்சல் நாலிலிருந்து ஒன்பதுக்கு வந்துவிட்டான். மருத்துவ உலகமே இப்படி ஒரு முன்னேற்றத்தைப் பார்த்திருக்காது.

அஃப்சல் ஜெயித்தான், பட்டம் அவனுக்கு. என் வண்டி ஷெட்டில் நின்றது, பின் பல்சக்கரம் 42. மாரப்பண்ணன் அதன் மேல் துணியைப் போர்த்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் அழுதேன். பதினோரு வருஷம், அழாமல் என்ன செய்வது? அழுதுவிட்டு சுகந்தியோடு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். ஜன்னலோர சீட்டில் வெயில் அடித்தது. கண் கூசுகிறது என்று சொன்னேன். அவள் முந்தானையை இழுத்து என் முகத்துக்கு வெயிலை மறைத்தாள்.

அக்டோபர் 13, திங்கள்

விக்டர் சார் வேறு ஆள் எடுத்துக்கொள்வதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். எடுத்துக்கொள்ளட்டும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெடிச் சத்தம் தாங்க முடியவில்லை. தாங்க முடியவில்லை என்று சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் அதிரசம் சாப்பிட்டோம்.

டிசம்பர் 7, ஞாயிறு

பால் காய்ச்சினேன், அடுப்பை அணைத்தேன், அணைத்ததும் நினைவிருந்தது. மாரப்பண்ணன் வந்தார். தன் சொந்த ஷெட்டில் பழைய வண்டி ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறாராம். "சும்மா பாத்துட்டு வரலாம் வா" என்றார். சும்மா என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

மார்ச் 15, ஞாயிறு

புது சீசனுக்கான மருத்துவப் பரிசோதனை. டீம் கிடையாது. மாரப்பண்ணனின் வண்டி, என் பெயர், அவ்வளவுதான். பிப்ரவரியில் நரம்பு டாக்டர் இரண்டு முறை பார்த்து, ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னொரு முறை தலையில் பலமாக அடிபட்டால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அந்தக் காகிதத்தை நானே டாக்டர் நளாயினியிடம் கொடுத்தேன். விரிசல் விட்ட ஹெல்மெட் இன்னும் டிவி மேல்தான் இருக்கிறது, இப்போது விரிசல் முன்பக்கம்.

விக்டர் சார் வாசலில் என்னைப் பார்த்து, "இந்த வயசுல, இந்தத் தலையோட, யாருக்குய்யா இது?" என்றார். "எனக்குங் சார்" என்றேன்.

பத்து வார்த்தை வாசித்தார் டாக்டர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டார். கூரையைப் பார்க்கவில்லை, தலையைச் சொறியவில்லை. எட்டு வந்தது. மீதி இரண்டுக்கு எங்கெங்கோ தேடினேன். போன மார்ச்சில் இருந்த இடத்தில் இப்போது எதுவும் இல்லை.

"இன்னும் நேரம் வேணுமா?" என்றார்.

"வேண்டாங் டாக்டர். எட்டுதான் இருக்கு. எட்டுன்னே எழுதுங்க."

எழுதினார். தண்ணீர் கொடுக்கவில்லை.

வெளியே அடுத்த ஆளாக அஃப்சல் உட்கார்ந்திருந்தான், சாம்பியன். பக்கத்தில் வந்து மெதுவாக, "அண்ணா, எவ்ளோ?" என்றான். எட்டு என்றேன். என் முகத்தைப் பார்த்தான், நிஜமாகவா என்பது போல. "எட்டு போதும், உன்னப் புடிக்க" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

வந்தவை: தறி, மிளகு, கதவு, யானை, நூல், கண்ணாடி, உப்பு, பாலம்.

நாளை காலை ஆறு மணிக்குப் பயிற்சி. முன் டயர் 28, பின் 26. பின் பல்சக்கரம் 42, மாட்டியாகிவிட்டது.